தோக்கியோப் புறப்பூங்காவும் பொதுமக்கள் கருத்தும்

நகரத்து நிலம் இருவகை உரிமைக்கு உட்பட்டது. ஒன்று காணி உறுதியில் எழுதப்பட்ட உரிமை. அதனை நீதிமன்றம் அறியும். மற்றையது நன்கொடையாலும் பழக்கத்தாலும் நினைவாலும் விளைந்த உரிமை. அதனை அந்நிலத்திலே உலாவி வளர்ந்த மக்கள் அறிவர். இவ்விரண்டும் ஒத்துச் செல்லுங் காலத்தில், அவற்றிடை வேறுபாடு உண்டென்பதே எவர்க்கும் புலப்படுவதில்லை. அந்நிலத்தை வேறு பயனுக்கு உட்படுத்தவேண்டும் என்னும் எண்ணம் எழும்பொழுதே அவை பிரிந்து எதிரெதிர் நிற்கின்றன.

யப்பானின் தலைநகராகிய தோக்கியோவிலே, மெயிசிக் கோயிலின் புறப்பூங்கா என வழங்கும் நிலப்பரப்பு இவ்வுண்மைக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். பேஸ்போல் அரங்கு, ஓவிய மண்டபம், கிங்கோ மரச்சாலை ஆகியவற்றைத் தன்னகத்தும், தேசிய விளையாட்டரங்கு, றகர் அரங்கு ஆகியவற்றைத் தன் அயலிலும் கொண்டது அவ்விடம். அதனை மாற்றியமைத்தற்கு அண்மைக் காலத்தில் இருமுறை திட்டங்கள் வகுக்கப்பட்டன. இருமுறையும் பொதுமக்கள் எதிர்த்தனர். முதன்முறை அவர்தம் எதிர்ப்புக்கு அரசு பணிந்தது; இரண்டாம் முறை திட்டம் சிறிதளவு திருத்தப்பட்டு நடைபெறலாயிற்று. நகரமும் இடமும் ஒன்றேயாக, பயன் வேறுபட்டமைக்குக் காரணம் யாது? அதனை அறிதற்கு அப்பூங்காவின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

பூங்காவின் தோற்றம்

1912 ஆம் ஆண்டு யூலை மாதம் 30 ஆந் திகதி மெயிசிப் பேரரசர் காலமானார். மானிய முறையிலே கட்டுண்டு கிடந்த யப்பான், இரயிற் பாதையும் பாராளுமன்றமும் பல்கலைக்கழகமும் கொண்ட வல்லரசாக மாறியது அவருடைய ஆட்சிக் காலத்திலேயாகும். அவருடைய கல்லறை தம் நகரிலே அமைதல் வேண்டுமெனத் தோக்கியோ மக்கள் விரும்பினர். ஆயின் பழைய தலைநகராகிய கியோத்தோவின் அயலிலேயே அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். கல்லறை கிடைத்திலதேல் நினைவுக் கோயிலேனும் வேண்டும் என்னும் வேண்டுகோள் எழுந்தது. பெருவணிகராகிய சிபுசாவா எயிச்சியும், அக்காலத்து நகரபிதாவாகிய சக்காத்தானி யொசிரோவும் இம்முயற்சியில் முன்னின்றனர்.

கோயிலுக்கு இரு பூங்காக்கள் வகுக்கப்பட்டன. யொயோகி என்னும் இடத்தில் அமைந்த அகப்பூங்கா வழிபாட்டுக்குரியது. அதன் செலவை அரசு ஏற்றது. அவோயாமாவிலே, முன்னர்ப் படைகள் அணிவகுத்துப் பயின்ற வெளியில் அமைந்தது புறப்பூங்கா. பேரரசரின் இறுதிச் சடங்கு 1912 செத்தெம்பரில் நடைபெற்ற இடமும் அதுவே. இப்புறப்பூங்கா கல்வி, கலை, உடற்பயிற்சி என்பவற்றின் பொருட்டு மக்களுக்கு உரியதாக எண்ணப்பட்டது. அதனை ஆக்குஞ் செலவும் மக்களிடமிருந்தே திரட்டப்பட்டது. இவ்வேறுபாடு பிற்காலத்து வழக்குக்கெல்லாம் வித்தாயிற்று.

அகப்பூங்காவை ஆக்கியோர் எத்துணை நெடுநோக்கு உடையராயிருந்தனர் என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் பொருந்தும். அங்குச் சீடர் மரங்களை நட்டு இருண்ட சோலையாக்கவேண்டும் எனப் பிரதமர் ஒக்கூமா சிகெனோபு விரும்பினார். காட்டியல் அறிஞராகிய ஹொண்டா செய்ரோக்குவும் அவர்தம் மாணாக்கரும் அதற்கு இணங்கவில்லை. நகரத்துப் புகையிலும் வறண்ட மண்ணிலும் அம்மரம் தழையாது எனவும், அகன்ற இலையுடைய பசுமைமாறா மரங்களை நட்டால், நூறாண்டும் அதற்கு மேலும் கழிந்தபின் மனிதர் துணையின்றித் தானே வாழுங் காடு உண்டாகும் எனவும் அவர்கள் நிறுவினர். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஏறக்குறைய 1 இலட்சம் மரங்கள் நன்கொடையாக வந்தன. இளைஞர் சங்கத்தார் ஊரூராகத் திரண்டுவந்து மண்சுமந்து மரம் நட்டனர். தாம் காணப்போவதில்லை என்று அறிந்தும் ஒரு காட்டை நட்டவர் அவர்.

இதே மனநிலையிலேயே புறப்பூங்காவும் எழுந்தது. அதன்பொருட்டு நிதி திரட்டிய சங்கத்துக்குத் தலைவராயிருந்தவர் தொக்குகாவா இயேசாத்தோ என்பவர். மெயிசி ஆட்சியாலே அதிகாரமிழந்த சோகன் குடும்பத்தின் வழித்தோன்றல் அப்பேரரசரின் நினைவுப் பூங்காவுக்கு நிதி சேர்த்தமை, அது நாட்டின் பொதுப்பணியாகக் கருதப்பட்டதை விளக்கும். பிற நாடுகளிற் குடியேறிய யப்பானியரும் பொருள் அனுப்பினர்.

வேலை 1918 இல் தொடங்கிற்று. 1923 செத்தெம்பர் 1 இல் நிகழ்ந்த பெருநிலநடுக்கம் தோக்கியோவைத் தரைமட்டமாக்கியபோது, முற்றுப்பெறாத பூங்காவிலே வீடிழந்தோர்க்குக் கொட்டில்கள் அமைக்கப்பட்டன. பூங்கா பூங்காவாகுமுன்னரே புகலிடமாயிற்று. ஓட்டப்பந்தயம் முதலியவற்றுக்குரிய அரங்கு 1924 இல் திறக்கப்பட்டது. ஓவிய மண்டபமும் பேஸ்போல் அரங்கும் 1926 இல் நிறைவெய்தின. பேரரசரின் வரலாற்றை விளக்கும் 80 பெரிய ஓவியங்கள், யப்பானிய முறையில் 40, மேனாட்டு முறையில் 40 என அம்மண்டபத்துக்கு வரையப்பெற்றன.

இவற்றையெல்லாம் ஒருங்கிணைப்பது ஒரு மரச்சாலை. 146 கிங்கோ மரங்கள் நான்கு நிரையாக 1923 இல் நடப்பட்டன. அதனை வகுத்தவர் ஒரிசிமோ யொசினோபு. வீதிவாயிலில் உயர்ந்த மரங்களையும், உள்ளே செல்லச்செல்ல அவற்றிற் குறுகிய மரங்களையும் நிறுத்தி, சாலையின் முடிவிலுள்ள மண்டபம் தொலைவில் எழுந்து நிற்பதுபோலத் தோன்றச் செய்தார். விசிறி வடிவான அவ்விலைகள் நவம்பர் இறுதியிற் பொன்னிறம் எய்துங்கால் நகரமே அங்குத் திரள்வது வழக்கமாயிற்று. 1926 இல் இப்பகுதி யப்பானின் முதலாவது இயற்கையெழிற் காப்பு வட்டாரமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டு, கட்டடங்களின் உயரமும் கட்டுப்படுத்தப்பட்டது.

அவ்வாண்டு ஒற்றோபரில் நிதிச் சங்கத்தார் பூங்காவைக் கோயிலிடம் ஒப்படைத்தனர். ஒப்படைக்கும்பொழுது, கோயிலோடு தொடர்பில்லாத கட்டடங்கள் அவ்விடத்தே எழுதல் தகாது என்னும் தம் விருப்பத்தையும் எழுத்தில் வைத்தனர். அது சட்டமன்று, விருப்பமே. ஆயினும் ஈந்தோரின் கருத்து யாது என்பதற்கு அதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

போரும் அதன் பின்னும்

பொதுவிடம் ஒன்று மக்கள் மனத்தில் வேரூன்றுவது அழகினால் மட்டுமன்று. இன்பமும் துன்பமும் அங்கு நிகழ்ந்தமையாலுமாம். 1934 இல் அமெரிக்க வீரர் பேப் ரூத் புறப்பூங்கா அரங்கிலே பேஸ்போல் ஆடியபோது தோக்கியோ மக்கள் திரண்டு ஆரவாரித்தனர். ஒன்பதாண்டு கழித்து, 1943 ஒற்றோபர் 21 இல், கொட்டும் மழையிலே பல்கலைக்கழக மாணவர்கள் துப்பாக்கி ஏந்தி அயலிலுள்ள பெரிய அரங்கைச் சுற்றி அணிவகுத்தனர். படிப்பை இடைநிறுத்திப் போர்முனைக்குச் சென்ற அவர்களை வழியனுப்பும் விழா அது. பிரதமர் தோஜோ அங்கே உரையாற்றினார். அன்று சென்றோரிற் பலர் மீளவில்லை. உயிர்தப்பியோர்க்கு அந்நிலம் இடுகாட்டுக்கு ஒப்பானது.

போரில் யப்பான் தோல்வியுற்றபின் அமெரிக்கப் படையினர் அரங்குகளைக் கைப்பற்றித் தம் வீரர் விளையாடுதற்கு வைத்துக்கொண்டனர். 1952 இலேயே அவை மீண்டன. இதற்கிடையில் பெரியதொரு சட்டமாற்றம் நிகழ்ந்தது. சிந்தோக் கோயில்கள் அரசினின்றும் பிரிக்கப்பட்டன. மெயிசிக் கோயில் தனிப்பட்ட சமய நிறுவனமாயிற்று. புறப்பூங்கா அரசுக்குரியதா, கோயிலுக்குரியதா என்னும் வினா எழுந்தது. விளையாட்டுத் துறையினர் அது பொதுச்சொத்தாதல் வேண்டுமென வாதாடினர். முடிவில், சந்தை மதிப்பின் அரைப்பங்கு விலைக்கு நிலம் கோயிலுக்கே விடப்பட்டது. மக்கள் அனைவரும் ஒப்பப் பயன்படுத்தல் வேண்டும், தொழில்முறை சாரா விளையாட்டின் நோக்கத்தைப் பேணல் வேண்டும், கட்டணம் மிகக் குறைவாயிருத்தல் வேண்டும், நிருவாகம் சனநாயக முறையில் நடைபெறல் வேண்டும் என்பன கல்வி அமைச்சு விதித்த நிபந்தனைகளாம்.

ஆகவே உறுதியின்படி உடையவர் கோயிலார். நிபந்தனையின்படி பயன்கொள்வோர் பொதுமக்கள். தருமசாதனம் ஒன்றின் தன்மை இதிலே தெளிவாக அமைந்திருந்தது. ஆயின் தருமகருத்தா தவறினாற் கேட்பவர் யார் என்பது மட்டும் எழுதப்படவில்லை.

பழைய அரங்கு அரசிடம் சென்றது. அவ்விடத்தில் 1958 இல் தேசிய விளையாட்டரங்கு எழுந்தது. அவ்வாண்டிலேயே மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா அங்கு நடைபெற்றது. அவ்விழாவில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கப்பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதற் தங்கம் அது. ஈழத்தவர்க்கும் அந்நிலத்தில் ஒரு நினைவுப் பங்கு உண்டு. ஆறாண்டின் பின், 1964 ஒற்றோபர் 10 இல், ஆசியாவில் முதன்முதல் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவும் அவ்வரங்கிலேயே தொடங்கிற்று.

முதற் கிளர்ச்சி: 2013 முதல் 2015 வரை

2020 ஒலிம்பிக் விழாவைத் தோக்கியோவுக்குப் பெறும் முயற்சியின் ஒரு பகுதியாக, பழைய தேசிய அரங்கை இடித்துப் புதியதொன்று கட்ட முடிவாயிற்று. 2012 நவம்பரில் சாஹா ஹடிட் அம்மையாரின் படம் தெரிவுசெய்யப்பட்டது. 80,000 பேர் அமரத்தக்க அக்கட்டடம், சுற்றிலுமுள்ள மரங்களையும் மண்டபத்தையும் சிறுமைப்படுத்தும் பேருருக் கொண்டிருந்தது. அதற்கு இடங்கொடுக்குமாறு, பல்லாண்டு காத்துவந்த உயரக் கட்டுப்பாடும் 2013 இல் தளர்த்தப்பட்டது.

அவ்வாண்டு ஓகத்து மாதத்தில், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பூமிஹிக்கோ மாக்கி கட்டடக் கலைஞர் சங்க வெளியீடொன்றிலே ஒரு கட்டுரை வரைந்தார். அயலிலுள்ள தோக்கியோ மாநகர உடற்பயிற்சி மண்டபத்தை ஆக்கியவர் அவர். அதனை ஆக்கும்போது அவ்விடத்தின் சட்டங்களுக்கும் எழிலுக்கும் அடங்கித் தாம் பட்ட இடர்ப்பாட்டை நன்கறிந்தவர். அவ்விடத்தின் வரலாற்றை எண்ணாமல் கட்டடத்தை மட்டும் எண்ணியதே பிழை என்பது அவருடைய வாதம். அக்கட்டுரை பலர்க்கு வாய்திறக்கும் துணிவைத் தந்தது. எழுத்தாளர் மயூமி மோரி முதலிய பெண்கள் முன்னின்று ஒரு சங்கம் அமைத்து, பழைய அரங்கையே திருத்திப் பயன்படுத்துமாறு கோரினர்.

ஆயின் மரமும் எழிலும் பற்றிய வாதங்களாலே அரசு அசையவில்லை. அசைத்தது செலவுக் கணக்கு. தொடக்கத்தில் 13,000 கோடி யென் எனப்பட்ட செலவு 25,200 கோடியாக உயர்ந்தது. வரிகொடுப்போர் அனைவரும் வெகுண்டனர். 2015 யூலை 17 இல் பிரதமர் சின்சோ அபே திட்டத்தைக் கைவிட்டார். அவ்வாண்டு திசெம்பரில், ஹடிட்டின் படத்தைவிட உயரங் குறைந்ததும் மரவேலை மிக்கதுமான கெங்கோ கூமாவின் படம் ஏற்கப்பட்டது. அவ்வரங்கு 2019 இல் நிறைவெய்தியது.

இவ்வெற்றியிலும் ஒரு கறை உண்டு. படம் மாறினும், பழைய அரங்கு அதற்கு முன்னரே இடிக்கப்பட்டுவிட்டது. அருகிலிருந்த கசுமிகாவோக்கா என்னும் அரசாங்கக் குடியிருப்பில் வாழ்ந்த முதியோர் வெளியேற்றப்பட்டனர். 1964 ஒலிம்பிக்கின்பொருட்டு ஒருமுறையும் இவ்விழாவின்பொருட்டு மறுமுறையும் வீடிழந்தோரும் அவருள் இருந்தனர். ஏடுகளில் மரத்துக்குக் கிடைத்த இடத்தின் ஒரு சிறுபங்கேனும் அம்முதியோர்க்குக் கிடைத்திலது. பொதுமக்கள் கருத்து என்பது எல்லார் குரலையும் ஒரே அளவில் எடுத்துச் செல்வதன்று.

இரண்டாவது திட்டம்

அரங்கு பற்றிய ஆரவாரம் அடங்குமுன்னரே வேறொரு திட்டம் உருப்பெற்று வந்தது. மெயிசிக் கோயில், றகர் அரங்கை உடைய யப்பான் விளையாட்டுச் சபை, மிட்சுயி வீட்டுநிலக் கம்பனி, இத்தோச்சு வணிகக் கம்பனி ஆகிய நால்வரும் கூடி வகுத்தது அது. ஏறக்குறைய 28 ஹெக்டயர் நிலப்பரப்பு. மதிப்பிட்ட செலவு 34,900 கோடி யென். நிறைவெய்தும் ஆண்டு 2036. 1926 இன் பேஸ்போல் அரங்கையும் 1947 இன் றகர் அரங்கையும் இடித்து, ஒன்றனிடத்தில் மற்றொன்றைக் கட்டுவது திட்டத்தின் நடுக்கூறு. அவற்றின் அருகே 190 மீற்றரும் 185 மீற்றரும் உயர்ந்த இரு கோபுரக் கட்டடங்கள் எழும்.

அரங்குகளுக்கும் கோபுரங்களுக்கும் உள்ள தொடர்பு யாது? தோக்கியோவின் நகரச்சட்டம் ஒவ்வொரு நிலத்திலும் எத்துணைத் தளப்பரப்புக் கட்டலாம் என வரையறுக்கின்றது. தாழ்ந்த அரங்கும் மரஞ்சூழ்ந்த வெளியும் அவ்வளவைப் பயன்படுத்துவதில்லை. எஞ்சிய உரிமையை அயல்நிலத்துக்கு மாற்றிக் கொடுத்தால் அங்கு வானளாவக் கட்டலாம். அதனால் வரும் வருவாய் அரங்குகளைப் புதுக்க உதவும். பூங்காவெனக் குறிக்கப்பட்டிருந்த நிலத்தில் 3.4 ஹெக்டயர் அக்குறிப்பினின்றும் நீக்கப்பட்டது. சுருங்கக் கூறின், திறந்த வெளியின் வெறுமையே விலைப்பொருளாக்கப்பட்டது.

திட்டத்தை ஆதரித்தோர் கூற்றையும் நடுநின்று நோக்குதல் வேண்டும். பேஸ்போல் அரங்கு நூறாண்டை அணுகுகின்றது. அதனிற் படிகள் குறுகியன. முதியோர்க்கும் உடற்குறையுள்ளோர்க்கும் வசதியில்லை. ஓரரங்கு கட்டி முடியும்வரை மற்றையதில் ஆட்டம் தடையின்றி நடைபெறவே இடமாற்றம் வகுக்கப்பட்டது. புதிதாக மரங்கள் நடப்பட்டுப் பசுமைப்பரப்பு 25 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்பது அவர் கணக்கு. கோயிலார் கூற்று இன்னும் கருதத்தக்கது: போரின் பின் அரசிடமிருந்து நிதியுதவி பெறாத அவர்கள், புறப்பூங்காவின் வருவாயைக்கொண்டே அகப்பூங்காவின் பெருங்காட்டைப் பேணி வருகின்றனர். பேஸ்போல் அரங்கு நலிவுற்றால் காடும் நலிவுறும் என்றனர். இது பொய்க்கூற்றன்று.

மக்கள் எதிர்த்தது ஏன்?

திட்டத்தின் படங்கள் சட்டப்படி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது 2021 திசெம்பரில், இரு வாரமே. 2022 பெப்ரவரியில் நகர அமைப்புச் சபை அதற்கு இணக்கம் அளித்தது. அதற்கிடையில், ஆயிரத்தை அணுகும் எண்ணிக்கையான மரங்கள் வெட்டப்படும் என்பது, நிலத்தோற்றக் கலை அறிஞராகிய பேராசிரியை மிக்கிக்கோ இசிக்காவாவின் ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. நகரம் திடுக்கிட்டது. எதிர்ப்பு மனுவொன்றில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். 1924 இல் எழுந்த கோசியென் அரங்கு, ஆட்டங்களைக் கைவிடாமலே 2007 முதல் படிப்படியாகத் திருத்தப்பட்டமையை எடுத்துக்காட்டி, இங்கும் அவ்வாறு செய்தல் இயலாதோ என வினவினர். இசிக்காவா மாற்றுத் திட்டமே வரைந்து காட்டினார்.

2023 மார்ச்சு மாதத் தொடக்கத்தில், இசையமைப்பாளர் றியூயிச்சி சாக்காமோத்தோ ஆளுநர் யூரிக்கோ கொயிக்கே அம்மையாருக்கு ஒரு திருமுகம் எழுதினார். முன்னோர் நூறாண்டு காத்த மரங்களைச் சிறிதுகால ஊதியத்துக்காகப் பலியிடலாகாது என்பது அதன் சாரம். அப்பொழுது அவர் கொடுநோயுற்றிருந்தார். அம்மாதம் 28 ஆந் திகதி இறந்தார். நிலத்துக்குடைய கோயிலார்க்கும் அவர் எழுதுவது நன்று என்பது ஆளுநர் அளித்த விடை. பண்பிற் குறைந்த விடை எனப் பலர் கண்டித்தனர். ஆயின் வரலாற்று மாணாக்கர்க்கு அவ்விடையே திறவுகோலாகும். அரசு தன்னைத் திட்டத்துக்குரியவர் அல்லர் என்றது. உடையவரோ அரசின் அனுமதியோடு செய்கின்றோம் என்றனர். இவ்விருவர்க்கும் இடையே நின்ற மக்கள் யாரிடம் முறையிடுவது?

1978 இல் அப்பேஸ்போல் அரங்கின் புல்மேட்டிலிருந்து ஆட்டம் பார்த்தபொழுதே தமக்கு நாவல் எழுதும் எண்ணம் பிறந்ததெனக் கூறும் எழுத்தாளர் ஹருக்கி முறாக்காமியும், 2023 யூன் மாதத்தில் தம் வானொலி நிகழ்ச்சியிலே திட்டத்தை எதிர்த்துப் பேசினார். செத்தெம்பரில் மரபுச் சின்னங்களைப் பேணும் உலக அமைப்பாகிய இகோமோசு எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. அதே மாதத்தில், மரங்களைக் காக்கும் வழியை முதலிற் காட்டுமாறு தோக்கியோ அரசு திட்டக்காரரைக் கேட்டது. வெட்டுதல் ஓராண்டு தள்ளிப்போயிற்று.

2024 செத்தெம்பரில் திருத்தம் வந்தது. வெட்டப்படும் உயர்மரங்கள் 743 என்பது 619 ஆகக் குறைந்தது. கிங்கோ மரங்களிலிருந்து ஏறக்குறைய 8 மீற்றரில் எழவிருந்த பேஸ்போல் அரங்கு 18.3 மீற்றருக்குப் பின்வாங்கியது. அவ்வாண்டு யூலை மாதத்து ஆளுநர் தேர்தலில் இவ்வழக்கும் பேசப்பட்டது. எனினும் கொயிக்கே மூன்றாம் முறையும் வென்றார். ஒற்றோபர் 28 இல் மரம் வெட்டுதல் தொடங்கிற்று.

பயன் வேறுபட்டமைக்குக் காரணம்

இரு கிளர்ச்சிகளையும் ஒப்பிடுங்கால், மக்களின் ஊக்கம் இரண்டாவதிற் குறைந்திருந்தது எனல் பொருந்தாது. வேறுபாடு கைப்பிடியிலே உள்ளது. 2015 இல் அரங்கு அரசினது; செலவு வரிப்பணம்; பிரதமர் விடையிறுக்கக் கடமைப்பட்டவர். மக்களின் கோபம் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி இருந்தது. இரண்டாவதில் நிலத்தின் பெரும்பாகம் தனி நிறுவனத்தினது, பணம் கம்பனியினது, அரசு அனுமதி வழங்குவோன் மட்டுமே. மரத்துக்கும் நினைவுக்கும் சட்டத்தில் விலையில்லை. அழகைக் காரணமாகக் காட்டியபோது முதற் கிளர்ச்சியும் வென்றிலது. பணத்தைக் காரணமாகக் காட்டியபோதே வென்றது என்பதை மறத்தலாகாது.

இன்னொன்றும் உண்டு. 1926 இல் ஈந்தோர் தம் கருத்தை விருப்பமாக எழுதினர், கட்டளையாக எழுதவில்லை. போரின் பின் விதித்த நிபந்தனைகளைக் காப்பதற்கும் பொதுமக்களைச் சேர்ந்த காவற்குழு ஒன்று அமைக்கப்படவில்லை. இரு காலத்தவரும் பின்வருவோரின் நல்லெண்ணத்தை நம்பினர். அந்நம்பிக்கை நெடுங்காலம் பொய்க்கவில்லை என்பதும் உண்மையே. கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட 2013 ஆம் ஆண்டே திருப்புமுனை. அதனை எதிர்த்தோர் அன்று அரங்கின் உருவத்தோடு போராடினர். உருவம் மாறியதும் மகிழ்ந்தனர். அயலில் அதே ஆண்டில் வகுக்கப்பட்ட புதிய நகரவிதிகள் எவர் கண்ணிலும் படாமல் நிலைத்துவிட்டன. கட்டடத்தை வென்றவர் சட்டத்தைக் கவனித்திலர்.

எனினும் எதிர்ப்பு வீணாயிற்று என்றலும் தவறு. நூற்றுக்கு மேற்பட்ட மரங்கள் அதனால் உயிர்பிழைத்தன. கிங்கோ வேர்களுக்கு மேலும் பத்து மீற்றர் இடங்கிடைத்தது. சூழல் ஆராய்ச்சி அறிக்கை என்பது மூலையிற் கிடக்கும் ஏடன்று, படித்து வினவவேண்டியது என்பதைத் தோக்கியோ மக்கள் கற்றனர். கொடுத்தவர் பேரர் தம் பாட்டனார் எதனைக் கொடுத்தனர் எனத் தேடிப் படிக்கலாயினர்.

புதிய பேஸ்போல் அரங்கு முற்றுப்பெறும்வரை கிங்கோ மரச்சாலையின் நலம் ஆண்டுதோறும் கணிக்கப்படும். 18.3 மீற்றர் போதுமா என்பதை அறிக்கை சொல்லாது; மரங்களே சொல்லும். நூறாண்டுக்கு முன் அவற்றை நட்டோர், அகவையில் தம்மைக் கடந்து வாழும் பொருளையே மக்களுக்கு ஈந்தனர். பொதுப்பயன் கருதி நிலமோ பணமோ கொடுப்போர் அவர்தம் பெருந்தன்மையைப் பின்பற்றுக. அதனோடு, அவர் எழுதாது விட்ட ஒரு வரியையும் எழுதிவைப்பாராக: இதனை மாற்ற நினைப்பவர் யாரைக் கேட்டல் வேண்டும் என்பதே அவ்வரி.